வயலில் வளர்ந்த ஓட்டக்காரர் பயிற்சியாளராக முடியுமா?

தருமபுரிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கல்லூரி நாட்களில் 800 மீட்டரில் மாநிலப் போட்டி வரை ஓடி, இப்போது பெங்களூருவை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். வேலையை விட்டுவிட்டு உடற்கல்வி ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் மாற விரும்புகிறீர்கள். தேசியப் பதக்கம் ஒன்றுகூட இல்லாத உங்களை யார் மதிப்பார்கள் என்று தயங்குகிறீர்கள்; வயல்காட்டில் உழைத்து உரமேறிய உடம்பும் பழக்கமும் இந்தத் தொழிலுக்கு உதவும்தானே என்றும் கேட்கிறீர்கள். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்பதெல்லாம் இந்தக் கேள்வியின் மேல்பரப்பு. ஓட்டக்காரராக இருந்தபோது கைகொடுத்தவை, மற்றவர்களை ஓடவைக்கும்போதும் கைகொடுக்குமா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் பாதி கைகொடுக்கும், மீதி குறுக்கே நிற்கும் என்பதே என் அனுபவம்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கேழ்வரகும் தக்காளியும் விளைகிற மேட்டு நிலத்தில் வளர்ந்தவன். 1500 மீட்டர் ஓடினேன். பிறகு உடற்கல்வி படித்து, பெங்களூருவில் ஒரு பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். காலை வேளைகளில் கண்டீரவா மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வந்தேன், இன்னும் கொடுக்கிறேன். ஆகவே நான் சொல்வது நடுத்தூர ஓட்டத்துக்கும் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும்தான் பொருந்தும். எறிதல், தாண்டுதல், குழு விளையாட்டுகள் பற்றி அந்தந்தத் துறையில் நின்றவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் காட்டு உழைப்பைப் பார்ப்போம். 800 மீட்டர் ஓட்டத்துக்குத் தேவையான ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது. 400 மீட்டரில் அது பாதிக்கும் குறைவு. சிறு வயதிலிருந்தே நாள் முழுக்க நடந்தும் ஓடியும் சுமந்தும் பழகியவர்களுக்கு இந்த அடித்தளம் பலமாக இருக்கும் என்பது அளந்து காட்டப்பட்ட உண்மை. கென்யாவில் மாடு மேய்த்து, பள்ளிக்கு நடந்தும் ஓடியும் வளர்ந்த கிராமத்துப் பையன்களுக்கு, உடலுழைப்பு இல்லாத நகரத்துப் பையன்களைவிட ஆக்சிஜனை ஏற்கும் திறன் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த அவினாஷ் சாப்ளேயும் இப்படித்தான் பள்ளிக்கு ஓடிப் பழகியவர். 2024-இல் பாரிஸ் டயமண்ட் லீக் போட்டியில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸை, அதாவது தடை தாண்டும் ஓட்டத்தை, 8 நிமிடம் 9.91 வினாடியில் முடித்தார்.

இதற்கு மேல் சொல்லப்படுகிறவை பலவும் உறுதியானவை அல்ல. குத்தவைத்து உட்கார்ந்து களையெடுத்ததால் கணுக்காலும் இடுப்பும் ஓட்டத்துக்கு ஏற்றபடி நெகிழ்ந்திருக்கும் என்பார்கள். எனக்கும் நம்பத் தோன்றுகிறது, ஆனால் அதற்கு மேல் எந்த உறுதியும் தரமாட்டேன். வெறுங்காலில் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள் என்பது உண்மை. அதனால் காயம் குறையும் என்பது நிரூபிக்கப்படவில்லை. எத்தியோப்பியாவில் ஆடுமாடு மேய்த்து வளர்ந்த அபேபே பிகிலா 1960-இல் ரோம் மாரத்தானை வெறுங்காலில் வென்றார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதே மனிதர் 1964-இல் டோக்கியோவில் காலணி அணிந்து மூன்று நிமிடம் வேகமாக ஓடி மறுபடியும் வென்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2020-இல் தென்கன்னடத்தின் கம்பளா என்னும் எருமைப் பந்தயத்தில் சீனிவாச கவுடா 142.5 மீட்டரை 13.62 வினாடியில் கடந்தபோது, அதை 100 மீட்டருக்குச் சுருக்கிக் கணக்குப் போட்டு, உசேன் போல்ட்டை மிஞ்சிவிட்டார் என்று நாடே பேசியது. இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) பெங்களூரு மையத்தில் தேர்வு ஓட்டத்துக்கு அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார், அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். சேற்றில் எருமைகள் முன்னே இழுக்க ஓடுவதும், நின்ற இடத்திலிருந்து தன் காலால் மட்டும் வேகம் பிடிப்பதும் வேறு வேறு திறமைகள். ஒன்றின் நேரத்தை மற்றதன் நேரமாக மாற்ற முடியாது. நாளை உங்களிடம் ஒரு பெற்றோர் வந்து “கிராமத்துப் பையன் சார், நல்ல பலம்” என்று சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பலத்தை நம்பி வேகத்தை அனுமானிக்கக் கூடாது. ஓடவிட்டு ஸ்டாப்வாட்ச்சைப் பார்க்க வேண்டும்.

குறுக்கே நிற்கும் பக்கத்தையும் சொல்கிறேன். காட்டில் வளர்ந்தவர்களுக்குக் களைப்பைப் பொருட்படுத்தாத குணம் ஊறிப்போயிருக்கும். இரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தால் எழுந்துபோய் மோட்டார் போட்டு, மடை திருப்பிவிட்டு, விடிந்ததும் அதே காலோடு பயிற்சிக்குப் போன நாட்கள் உங்களுக்கும் இருந்திருக்கும். ஓட்டக்காரராக அது பெருமைக்குரிய நினைவு. பயிற்சியாளராக நீங்கள் அதைக் கணக்கில் எழுத வேண்டிய சுமையாகப் பார்க்க வேண்டும். கண்டீரவாவுக்கு வரும் பிள்ளைகளில் கட்டடத் தொழிலாளர்களின் பிள்ளைகள் உண்டு. விடியலில் பால் பாக்கெட் போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. அறுவடைக்காக ஊருக்குப் போய் ஒரு வாரம் வேலை செய்துவிட்டுத் திரும்புபவர்கள் உண்டு. அறுவடை முடிந்து வந்த பையனை ஓய்வெடுத்து வந்தவன்போல நடத்தி, விட்ட பயிற்சியை எல்லாம் சேர்த்து வாங்கினால், பதினைந்து நாளில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி என்று உட்கார்ந்துவிடுவான். உழைப்பும் பயிற்சியும் ஒரே உடம்பிலிருந்துதான் எடுக்கின்றன. தூக்கம்தான் இரண்டையும் திருப்பித் தருகிறது. என்னிடம் வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய், வீட்டில் என்ன வேலை இருந்தது என்று கேட்ட பிறகே அன்றைய பயிற்சியைத் தீர்மானிக்கிறேன்.

பதக்கம் இல்லையே என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1 நிமிடம் 40.91 வினாடியில் ஓடிய 800 மீட்டர் உலக சாதனை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அவரை உருவாக்கிய கோல்ம் ஓ’கானல், 1976-இல் அயர்லாந்திலிருந்து கென்யாவின் இட்டன் ஊருக்குப் புவியியல் கற்பிக்க வந்த ஒரு துறவி ஆசிரியர். அவர் பெயர் சொல்லும்படி ஓடியவர் அல்ல. தடகளப் பயிற்சியாளராகப் படித்துவிட்டு வந்தவரும் அல்ல. பிள்ளைகள் ஓடுவதை ஆண்டுக்கணக்காகக் கூர்ந்து பார்த்தே கற்றுக்கொண்டார். நம் நாட்டில் பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் விமானப்படையில் இருந்தவர், பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பை முடித்தவர். 1985-இல் துரோணாச்சாரியர் விருது தொடங்கப்பட்டபோது முதல் ஆண்டிலேயே அதைப் பெற்றவர்களில் ஒருவர். அவரையும் யாரும் அவர் ஓடி வாங்கிய பதக்கங்களுக்காக நினைவில் வைத்திருக்கவில்லை. பெரிய வீரர்கள் நல்ல பயிற்சியாளர்கள் ஆவதில்லை என்று இதற்குப் பொருளில்லை, பலர் ஆகியிருக்கிறார்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் பதக்கம் மதிப்பெண் பெற்றுத் தரும், முதல் மாதத்தில் பெற்றோரின் மரியாதையையும் பெற்றுத் தரும். அதற்குப் பிறகு பிள்ளைகள் காயமில்லாமல் ஆண்டுக்காண்டு முன்னேறுகிறார்களா என்றுதான் பார்ப்பார்கள்.

நன்றாக ஓடியவர்களுக்கு ஏற்படும் சிக்கல் வேறு. தன் உடம்பையே அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். தனக்கு ஒத்துவந்த பத்து முறை 400 மீட்டர் ஓட்டம், தனக்கு ஒத்துவந்த இடைவேளை, தன் ஆசிரியர் திட்டிய அதே வார்த்தைகள் என்று எல்லாவற்றையும் அடுத்த தலைமுறையின் மேல் ஏற்றிவிடுவார்கள். பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். ஒரே வகுப்பில் ஒரே வயதில் நிற்கும் இரண்டு பையன்களின் எலும்பு வளர்ச்சியில் சில ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். அந்த வளர்ச்சிப் பருவத்தில் ஒருவன் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள மேட்டைத் தொட்டு, “இங்கே அழுத்தினாலே வலிக்குது சார்” என்பான். எலும்பு வளரும் வேகத்துக்குத் தசைநாண் ஈடுகொடுக்காமல் அந்த இடத்தை இழுப்பதால் வருவது அது. தாண்டுதலையும் வேக ஓட்டத்தையும் குறைத்தால் பெரும்பாலும் தானே சரியாகும். சோம்பேறித்தனம் என்று நினைத்து விரட்டினால் ஒரு பருவமே போய்விடும். மாவட்டப் போட்டியில் அவனை வென்ற பையன் வெறுமனே சீக்கிரம் வளர்ந்தவனாக இருக்கலாம், அல்லது சான்றிதழில் வயதைக் குறைத்து எழுதியவனாகவும் இருக்கலாம். இரண்டும் நம் மைதானங்களில் அன்றாடம் நடப்பவை. 13 வயதுப் பிள்ளையின் தோல்வியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வயலிலிருந்து நீங்கள் கட்டாயம் எடுத்துவர வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் அப்பா காலையில் எழுந்ததும் காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். இலை நேற்றைப்போல இன்று இல்லை என்று யாரும் சொல்லாமலே அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகளை அந்தக் கண்ணால் பார்க்கப் பழகுங்கள். என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு மாணவி. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். 800 மீட்டரில் நன்றாக முன்னேறி வந்தவள், ஒரு பருவத்தில் இரண்டாவது சுற்றில் மட்டும் பின்தங்கத் தொடங்கினாள். முதல் சுற்றின் நேரம் மாறவில்லை. கடைசி 200 மீட்டரில் தோள்கள் காது வரை ஏறின. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள் என்று அவள் தோழி சொன்னாள். கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் உள்பக்கம் வெளிறிக் கிடந்தது. மருத்துவமனைக்கு அனுப்பினோம், இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டவில்லை, அந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது. டாக்டர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை, சாப்பாட்டோடு டீ குடிக்காமை, கீரையும் முட்டையும், சில மாதங்களுக்குக் கடுமையான ஓட்டமே இல்லை. அடுத்த பருவத்தில் பழைய நேரத்துக்குத் திரும்பினாள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையான பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறவர், எத்தனை சுற்று என்று எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்டுபிடிப்பதோடு உங்கள் வேலை முடிகிறது. மாத்திரையும் அளவும் மருத்துவருடைய பொறுப்பு. சத்து மாவு, பவுடர், ஊசி என்று எவர் எதை நீட்டினாலும் பிள்ளைகளிடம் கொடுக்கவிடாதீர்கள். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், தெரியாமல் சாப்பிட்டேன் என்பது எளிதில் எடுபடாது.

இனி பள்ளி வாழ்க்கை. பயிற்சியாளராக மட்டும் இருந்து பிழைப்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவர்களுக்குப் பள்ளி வேலைதான் சோறு போடுகிறது, மைதானம் அதன் இரு ஓரங்களில்தான் இருக்கிறது. காலை அசெம்பிளி, பஸ் டியூட்டி, சீருடைச் சோதனை, ஆண்டு விழா அணிவகுப்பு, தேர்வு நெருங்கியதும் பறிபோகும் பி.டி. பீரியட் எல்லாம் உங்கள் தலையில் விழும். பெங்களூருவில் பல பள்ளிகளுக்கு நானூறு மீட்டர் மைதானம் என்பது கனவு. இருநூறு மீட்டர் கிடைத்தாலே பாக்கியம். டிராக் போடுவதை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 40 மீட்டர் என்றால் இரண்டு வளைவுக்கும் சேர்த்து 120 மீட்டர் மிஞ்சும், அதற்கு ஆரம் 19.10 மீட்டர். ஓடுபவர் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கணக்கு, ஆகவே சுண்ணாம்புக் கோட்டுக்கு 18.90. நடுவில் முளை அடித்து, நீளாத கயிறு கட்டி, ஒரு பிள்ளை கயிற்றை விறைப்பாகப் பிடிக்க, இன்னொரு பிள்ளை சுண்ணாம்புப் பொடி தூவிக்கொண்டே பின்னால் வர வேண்டும். லேன் அகலம் 1.22 மீட்டர் என்றால், முழுச் சுற்று ஓட்டத்துக்கு இரண்டாம் லேனின் தொடக்கம் 7.67 மீட்டர் முன்னே இருக்கும். மைதானம் சிறிதானாலும் பெரிதானாலும் அந்த எண் மாறாது. ஏன் மாறாது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள். வட்டத்தின் சுற்றளவை அதுவரை மனப்பாடமாக மட்டும் சொல்லிவந்தவர்கள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கும்போது முகத்தில் தெரியும் வெளிச்சத்துக்காகவே நான் ஆண்டுதோறும் டிராக் போடுவதை அவர்களிடம் விட்டேன். இந்தப் பகுதியில் உங்களுக்கு மகிழ்ச்சி கிடைக்காது என்று தோன்றினால், பயிற்சியாளர் ஆசைக்காக மட்டும் ஆசிரியராகாதீர்கள். ஓடவே பிடிக்காத முப்பத்தைந்து பிள்ளைகளும் உங்கள் மாணவர்கள்தாம். தேர்ந்த ஐந்து பேருக்காக அவர்களை மரத்தடியில் உட்காரவைக்கும் ஆசிரியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை.

படிப்பு விஷயத்தில் இரண்டு வழிகளையும் கலக்காதீர்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமானால் பி.பி.எட். வேண்டும், பட்டம் முடித்தவர்களுக்கான அந்தப் படிப்பு, 2014 விதிமுறைகளுக்குப் பிறகு இரண்டு ஆண்டு. மைதானத்தில் பயிற்சியாளர் பதவி வேண்டுமானால் என்.ஐ.எஸ். டிப்ளமோவுக்குத்தான் மதிப்பு, 1961-இல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் படிப்பு அது. பெங்களூருவில் ஞானபாரதி வளாகத்தில் உள்ள சாய் மையத்திலும் பயிற்சியாளர் படிப்பு நடக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாக வளர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளி பறிக்கப்பட்ட பெருந்துயரத்துக்குப் பிறகு, பெங்களூரு வந்து இந்தப் படிப்பை முடித்துத் தமிழ்நாட்டில் தடகளப் பயிற்சியாளரானார். சேலம் மாவட்டத்தில் காய்கறி விற்ற தாயின் மகன் மாரியப்பன், 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றதற்குப் பின்னாலும் பெங்களூருப் பயிற்சியாளர் சத்தியநாராயணா இருந்தார். சென்னையை விரும்பினால் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியும், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் உண்டு. சேர்க்கைக்கு உங்கள் மாநிலப் போட்டிச் சான்றிதழ் எவ்வளவு எடை பெறும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டு அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கர்நாடகத்தில் அரசுப் பள்ளி வேலையை நினைத்தால் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தனியார் பள்ளியிலும் மைதானத்தில் பிள்ளைகள் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று கலந்துதான் நிற்பார்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்க்கிறேன். பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது தனி அறை, தனி வண்டி, தனிப்பட்ட இரவுச் செய்திகள் எதுவும் கூடாது; வெளியூர்ப் போட்டிக்கு ஒரு பெண் ஆசிரியர் கட்டாயம் உடன் வர வேண்டும். வேறொருவர் தவறாக நடப்பது தெரிந்தால் மறைக்கக் கூடாது. 2012 போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது உங்கள் கடமை. நீங்கள் வளர்த்த பிள்ளை ஒருநாள் விளையாட்டு விடுதிக்கோ பெரிய பயிற்சியாளரிடமோ போகும். அப்போது அதன் பயிற்சிக் குறிப்பேட்டையும் காயங்களின் வரலாற்றையும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். புதிய பயிற்சியாளர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

பணத்தைப் பற்றி: தனியார் பள்ளிச் சம்பளம் தொடக்கத்தில் உங்கள் தொழிற்சாலைச் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும், அரசு வேலைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். வேலையை உடனே விடாதீர்கள். ஷிப்டு இல்லாத காலைகளில் அருகிலுள்ள பள்ளி ஒன்றின் உடற்கல்வி ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு பருவம் உதவியாளராக நில்லுங்கள். ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள், நோட்டில் நேரம் எழுதுங்கள், டிராக் போடுங்கள். ஒரு பருவத்துக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு விண்ணப்பியுங்கள். கட்டணத்துக்காக நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ வேண்டாம். அப்பாவால் முழுதாகப் பார்க்க முடியாவிட்டால் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடுங்கள். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் உழவு வேலையைக் கவனிக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் பணியில் இருந்த காலம் முழுவதும் அப்படித்தான் செய்தேன்.